பனிமலையில் எல்க் வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்துப் பக்கம் குடியிருக்கிறேன். ஆறு வருடமாக, இலையுதிர்காலம் முடிகிற சமயத்தில், மாநிலத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிற பிளாட் டாப்ஸ் என்ற மலைப்பகுதிக்கு நண்பர் ஒருவரோடு எல்க் வேட்டைக்குப் போய்வருகிறேன். அவர் அந்தப் பக்கத்து ராஞ்ச் (மாட்டுப்பண்ணை) குடும்பத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதிலேயே ரைஃபிள் தூக்கியவர். எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் இது பழக்கமானது. வீட்டுக்கு வந்து எல்க் கறி சாப்பிடுகிற நண்பர்களும் ஊரிலிருந்து போன் பேசுகிற உறவுக்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எல்க் என்றால் நம்ம ஊர் கடமானா? மூஸ் என்கிறார்களே, அதுவா?

இரண்டும் இல்லை. எல்க் என்பது மான் குடும்பத்தில் ஒரு பெரிய விலங்கு. வளர்ந்த ஆண் ஏறக்குறைய 320 கிலோ, பெண் 225 கிலோ இருக்கும். கடமானைப் பார்த்துப் பழகியவர்களுக்கு உருவத்தில் அந்த நினைவு வரும், ஆனால் எல்க்கின் கொம்பு நீளமாகப் பின்னோக்கி வளைந்து பல கிளைகளாகப் பிரியும். பின்பக்கம் வெளிறிய மஞ்சளாக இருக்கும். வாபிட்டி என்ற இன்னொரு பெயர் ஷானி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் சொல், 'வெள்ளைப் பிட்டம்' என்று பொருள்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஐரோப்பாவில் எல்க் என்று சொல்வது மூஸைத்தான். கொலராடோவில் மூஸும் இருக்கிறது. 1978-இல் கொண்டுவந்து விட்டார்கள். அது எல்க்கைவிடக் கருப்பு, மூக்கு தொங்கும், ஆணின் கொம்பு முறம் மாதிரி தட்டையாக விரியும். வேறுபாடு தெரியாமல் மூஸைச் சுட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு சீசனிலும் இருக்கிறார்கள். லைசென்ஸ் வாங்குவதற்கு முன்னால் இரண்டின் படங்களையும் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்துப் பழகுங்கள்.

ஏன் பனிக்காலத்தில் போகிறீர்கள்? செப்டம்பரில் போனால் குளிர் இருக்காதே?

செப்டம்பரில் பெரும்பாலும் வில் வேட்டை. அது இனச்சேர்க்கைக் காலம், ஆண் எல்க் ஊளையிடுவது மலை முழுக்கக் கேட்கும். ரைஃபிள் சீசன்கள் அக்டோபர் நடுவில் தொடங்கி, நான்கு பிரிவாக நவம்பர் வரை போகும். நாங்கள் இரண்டாவது அல்லது மூன்றாவது சீசனுக்குப் போகிறோம். அதற்குள் சத்தம் அடங்கிவிடும், விலங்கைக் கண்ணால்தான் தேடவேண்டும்.

அங்கேதான் பனி உதவிக்கு வருகிறது. நேற்று இரவு பனி பெய்திருந்தால், இன்று காலை தெரிகிற ஒவ்வொரு தடமும் சில மணி நேரத்துக்குள் பதிந்தது. உயரத்தில் பனி முழங்கால் அளவுக்கு ஏறிவிட்டால் புல்லைத் தோண்டித் தின்பது கஷ்டமாகி, மந்தைகள் மெல்லக் கீழே இறங்கும். கொலராடோவில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் எல்க் இருக்கின்றன, அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. அதில் வொயிட் ரிவர் மந்தை மிகப் பெரியது. அது வாழ்கிற இடத்தில்தான் பிளாட் டாப்ஸ் இருக்கிறது.

அந்த இடத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1919-இல் ஆர்தர் கார்ஹார்ட் என்ற வனத்துறை ஊழியரை, டிராப்பர்ஸ் லேக் ஏரியைச் சுற்றி விடுமுறை வீடுகள் கட்ட அளவெடுத்து வரச்சொல்லி அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே எதுவும் கட்டாமல் அப்படியே விடுங்கள் என்று சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். இன்றும் அந்த ஏரிக்கரையில் வீடுகள் இல்லை. விடிவதற்கு முன் அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன்.

விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?

இதை மிகவும் கவனமாகப் படியுங்கள். எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. கடன் வாங்கிப் பிடித்தாலும் குற்றம்தான். இந்தத் தடைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்கள் கையில் இருக்கவேண்டும். ஆகவே முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி. நண்பரோடு சுட்டுப் பழகக் களத்துக்குப் போகிற நாளிலும் இதே வரிசைதான். கிரீன் கார்டு வாங்கியவருக்கு இந்தத் தடை கிடையாது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

லைசென்ஸ் எப்படி வாங்குவது? எவ்வளவு ஆகும்?

1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த யாராக இருந்தாலும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். ஒரு முறை முடித்தால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். மலையை யூனிட் யூனிட்டாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். எந்த யூனிட்டில், எந்த சீசனில், ஆணா பெண்ணா என்பதெல்லாம் லைசென்ஸிலேயே அச்சாகியிருக்கும். பல யூனிட்டுகளுக்குக் குலுக்கல் உண்டு; ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். சில யூனிட்டுகளில் இரண்டாம், மூன்றாம் சீசனுக்கு ஆண் எல்க் லைசென்ஸைக் கடையில் நேராக வாங்கலாம். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், அந்தந்த வருடத்துக் கையேட்டைத்தான் நம்பவேண்டும்.

மாநிலத்துக்குள் ஆறு மாதம் குடியிருந்தவருக்குக் கட்டணம் 100 டாலருக்குள் முடிந்துவிடும். வெளி மாநிலத்தவருக்கு ஆண் எல்க் லைசென்ஸ் 800 டாலரைத் தாண்டும். டெக்ஸாஸிலிருந்தோ கலிஃபோர்னியாவிலிருந்தோ வருகிற நம்மவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய வனத்துக்குள் வேட்டையாட நிலத்துக்கென்று தனிக் கட்டணம் கிடையாது.

என்ன ரைஃபிள்?

உங்கள் தோள் தாங்குகிற ரைஃபிள். கொலராடோவில் எல்க்குக்கு .24 அங்குலம்தான் குறைந்தபட்சக் குழாய் விட்டம். தோட்டா விரிகிற வகையாக, எடை 85 கிரெயினுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். நண்பர் வைத்திருப்பது அவர் அப்பா காலத்து தர்ட்டி ஆட் சிக்ஸ். 1906-இல் வந்த தோட்டா, இன்றும் எல்க்குக்குப் போதும். நான் .308 வைத்திருக்கிறேன். பெரிய மேக்னம் வாங்கி, அது தோளில் அடிக்கிற அடிக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

குளிருக்கென்று மூன்று வேலைகள் உண்டு. போல்ட்டில் இருக்கிற எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். கடுங்குளிரில் கெட்டியாகி தோட்டாவைத் தட்டுகிற ஃபயரிங் பின்னை மந்தமாக்கிவிடும். குழாயின் வாயில் ஒரு துண்டு எலெக்ட்ரிக்கல் டேப் ஒட்டுங்கள், விழுந்து எழுந்தாலும் பனி உள்ளே போகாது. அப்புறம், தோட்டாவை எடுத்துவிட்டு ரைஃபிளை இரவில் குளிரிலேயே வையுங்கள். அடுப்பெரிகிற கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் ஸ்கோப்பில் நீர் கோத்து, காலையில் வெளியே போனதும் உறைந்துவிடும்.

தனியாகப் போகக்கூடாதா? கூட்டாளி எதற்கு?

போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போகமாட்டேன், உங்களையும் போகச் சொல்லமாட்டேன். காரணம் கரடியோ வழி தவறுவதோ இல்லை, எடைதான். செத்து விழுந்த எல்க்கை ஒரு ஆளால் புரட்டக்கூட முடியாது.

கிளம்புவதற்கு முன்னால், வீட்டு மேசையில் உட்கார்ந்து, சில விஷயங்களை வாய்விட்டுப் பேசி முடிவுசெய்யுங்கள். முதல் விலங்கு கண்ணில் பட்டால் யார் சுடுவது? எவ்வளவு தூரம் வரை சுடுவது? ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் மற்றவர் தன் வேட்டையை நிறுத்திவிட்டு இறைச்சி தூக்க வருவாரா? எத்தனை மணிக்கு முகாமுக்குத் திரும்பவில்லை என்றால் தேடி வரவேண்டும்? இறைச்சியை எப்படிப் பங்கிடுவது? நாங்கள் இரண்டு பேரும் யார் சுட்டாலும் பாதிப்பாதி என்று முதல் வருடமே பேசிக்கொண்டோம். அதோடு ஒரு சட்டம்: உங்கள் லைசென்ஸுக்கு நீங்கள்தான் சுடவேண்டும். எனக்குப் பதில் நீ சுடு என்பது கொலராடோவில் குற்றம்.

சுடுகிற ஆசை இல்லை, சும்மா கூட வரலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. தாராளமாக வரலாம். ரைஃபிள் இல்லாமல், இறைச்சி சுமக்க, அடுப்பு மூட்ட ஒரு ஆள் வந்தால் அவரைத் தங்கத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோம். ஆரஞ்சு உடுப்பு மட்டும் அவரும் போட்டுக்கொள்ளவேண்டும்.

அந்த ஆரஞ்சு உடுப்பு கட்டாயமா? எல்க் பார்த்துவிடாதா?

வேட்டையாடுபவருக்குக் கட்டாயம். இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம், தலையிலும் நாலு பக்கமும் தெரிகிற மாதிரி. பளீர் பிங்க் நிறமும் ஒத்துக்கொள்ளப்படும். மான் வகைகளுக்கு ஆரஞ்சு நிறம் நம் கண்ணுக்குப் படுவதுபோலப் பளிச்சென்று படாது. அசைவும் வாசமும்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும்.

குளிரையும் உயரத்தையும் தாங்க முடியுமா?

முகாம் 9,000 அடியில், வேட்டை 10,500 அடி வரை. கடல்மட்டத்திலிருந்து நேராக வந்து மறுநாள் காலை மலை ஏறாதீர்கள். இரண்டு நாள் முன்னதாக வந்து சும்மா நடந்து பழகுங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறுவதை நிறுத்தவேண்டும். ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், உடனே கீழே இறங்கவேண்டும். விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. நாற்பது தாண்டியவர்கள் இதயப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள். மேசை வேலை பார்த்துவிட்டு, வருடத்துக்கு ஒரு வாரம் பனியில் பாரம் தூக்குவது இதயத்துக்குப் பெரிய சோதனை.

உடையில் பருத்தி வேண்டவே வேண்டாம், ஈரமானால் காயாது. உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் ஒரு அடுக்கு, மேலே காற்றுத் தடுப்பு. ஏறும்போது வேர்க்காத அளவுக்குக் கழற்றிவிட்டு, உட்காரும்போது போட்டுக்கொள்ளுங்கள். காலுக்கு முழங்கால் வரை கெய்ட்டர், அதாவது பனி புகாமல் தடுக்கிற உறை. தண்ணீர் பாட்டிலைப் பையில் தலைகீழாக வையுங்கள், பனிக்கட்டி மேலே இருக்கிற பக்கத்தில்தான் முதலில் பிடிக்கும், மூடி திறக்கும். கூடாரத்துக்குள் அடுப்பு வைக்கிறவர்கள் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இல்லாமல் தூங்கவேகூடாது. செல்போன் சிக்னல் கிடையாது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றாவது இருவருக்கும் சேர்த்து இருக்கட்டும்.

அவ்வளவு பெரிய மலையில் எல்க்கை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

முதல் இரண்டு வருடம் நான் நடந்து நடந்தே தேடினேன். நண்பர் உட்கார்ந்து தேடுவார். இருட்டோடு எழுந்து, எதிர்ச்சரிவு முழுக்கத் தெரிகிற ஒரு மேட்டில் போய் உட்கார்ந்து, பைனாகுலரை வைத்து வயல் வரப்பு எண்ணுவதுபோலத் துண்டு துண்டாகப் பார்ப்பார். முழு எல்க் தெரிவது அபூர்வம். மரத்தண்டுகளுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு கோடு தெரிந்தால் அது முதுகு. வெளிறிய ஒரு திட்டு தெரிந்தால் அது பிட்டம்.

விடியற்காலையில் தெற்குப் பார்த்த சரிவுகளில் புல் மேயும், அங்கேதான் வெயில் பட்டுப் பனி முதலில் உருகும். வெயில் ஏற ஏற வடக்குப் பக்கத்து அடர்ந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் மறுபடி வெளியே வரும்.

காற்றுதான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. குளிர்ந்த காற்று இரவிலும் அதிகாலையிலும் சரிவில் கீழ்நோக்கி இறங்கும். வெயில் பட்டதும் திரும்பி மேல்நோக்கி ஏறும். ஆகவே காலையில் கீழிருந்து நெருங்கவேண்டும், பகலில் மேலிருந்து. மாவுப்பொடி அடைத்த சின்னப் பாட்டிலை அழுத்தி அழுத்திக் காற்றைப் பார்த்துக்கொண்டே நடப்போம். ஒரு முறை உங்கள் வாசம் போய்விட்டால் மந்தை ஒரு மலை தாண்டித்தான் நிற்கும்.

மூன்றாவது வருடம் ஒரு தடத்தைப் பின்தொடர்ந்தோம். எல்க் குளம்பு மான் குளம்பைவிட உருண்டை, ஏறக்குறைய நான்கு அங்குல நீளம். சுவடின் ஓரம் இன்னும் உதிராமல் கூர்மையாக இருந்தது. ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் பதினைந்து இருபது அடி இடைவெளியில் ஏழு படுக்கைகள் இருந்தன. பனி நீள்வட்டமாக உருகி, அடியில் பழுப்புச் சருகு தெரிந்தது. கையுறையைக் கழற்றி ஒன்றில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு இல்லை, ஆனால் ஈரம் உறையவில்லை. கழுத்து மயிர் நாலைந்து நீளமாக ஒட்டிக்கிடந்தது. மாட்டுத்தொழுவ வாசனை. நண்பர் விரலை உதட்டில் வைத்தார். அடுத்த நூறு அடியை நாங்கள் கடக்க அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கிளை முறிகிற சத்தமும் தூரத்தில் ஒரு பழுப்பு நிழலும்தான் கிடைத்தது. ஆறு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த காலை அதுதான்.

எப்போது சுடக்கூடாது?

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரைதான் சட்டப்படி நேரம். பல யூனிட்டுகளில் ஆண் எல்க் என்றால் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளையோ, நெற்றிக் கிளை ஐந்து அங்குலமோ இருந்தாகவேண்டும். எண்ண முடியவில்லை என்றால் சுடாதீர்கள். சாலையிலிருந்தோ சாலையைத் தாண்டியோ சுடுவது குற்றம். மந்தைக்கு நடுவே ஒன்றைக் குறிவைத்தால் தோட்டா ஊடுருவிப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும்.

ஒரு சாயங்காலம் முகட்டில் ஒரு ஆண் வந்து நின்றது. ஆறு கிளைக் கொம்பு, பின்னால் ஆரஞ்சு வானம், 200 கெஜம்கூட இல்லை. நான் தரையில் பையை வைத்து, அதன்மேல் ரைஃபிளை ஊன்றிவிட்டேன். "பின்னால என்ன இருக்கு?" என்றார் நண்பர், அவ்வளவுதான். பின்னால் வானம். தவறினாலோ ஊடுருவினாலோ தோட்டா மறுபக்கத்துப் பள்ளத்தாக்கில் எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. அங்கேயும் முகாம்கள் இருந்தன. விரலை எடுத்தேன். அது நிதானமாக நடந்து முகட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று.

இன்னொரு விதி நாங்களே வைத்துக்கொண்டது: தூக்கி வர முடியாத இடத்தில் சுடுவதில்லை. அதைக் கற்றுக்கொண்ட கதை கீழே வருகிறது.

எங்கே குறி வைப்பது? சுட்டதும் விழுந்துவிடுமா?

பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில். நுரையீரலும் இதயமும் அங்கே இருக்கின்றன. தலை, கழுத்து, பின்பக்கம் எதுவும் வேண்டாம். நான் 250 கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை, எதிலாவது ஊன்றாமலும் சுடுவதில்லை.

பெரும்பாலும் உடனே விழாது. நல்ல அடி பட்ட எல்க்கூட எதுவும் நடக்காததுபோல ஐம்பது நூறு கெஜம் ஓடும். அது நின்ற இடத்தை ஒரு மரத்தை வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே அரை மணி காத்திருங்கள். ரத்தம் பனியில் தெளிவாகத் தெரியும். இளஞ்சிவப்பில் நுரை இருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சை கலந்து வாடை அடித்தால் குடல். இந்த இரண்டுக்கும் இன்னும் பல மணி நேரம் பொறுக்கவேண்டும். அவசரப்பட்டு விரட்டினால் அது எழுந்து மைல் கணக்கில் போய் வேதனைப்பட்டுச் சாகும். அடிபட்டதைக் கைவிடாமல் கடைசிவரை தேடுவது உங்கள் கடமை.

விழுந்த பிறகு என்ன செய்வது?

பின்பக்கமிருந்து நெருங்கி, ஒரு நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப்பாருங்கள். இமைக்கவில்லை என்றால் முடிந்தது. உடனே லைசென்ஸோடு இருக்கிற டேக் என்ற சீட்டைப் பிரித்துக் கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். இறைச்சி போகிற இடமெல்லாம் அது கூடப் போகும். எந்தப் பாலினம் என்பதற்கான உறுப்பு ஒரு துண்டோடு இயற்கையாக ஒட்டியே இருக்கவேண்டும்.

வெளியே பனி இருக்கிறதே, மெதுவாகச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். எல்க் தோல் கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்துவைக்கும்; பனிக்குள்ளேயே கிடந்தாலும் தொடை எலும்பைச் சுற்றிய கறி கெட்டுவிடும். அதனால் தோலை முதலில் எடுத்துவிடவேண்டும்.

நாங்கள் வயிற்றைத் திறக்காமல் அறுக்கிற முறையைப் பின்பற்றுகிறோம். விலங்கைப் பக்கவாட்டில் கிடத்தி, முதுகுத்தண்டு நெடுக்கக் கீறி, தோலை வயிற்றுப்பக்கம் உரித்துக்கொண்டே வருவோம். முன்னங்கால் உடம்போடு சேருகிற இடத்தில் எலும்பு மூட்டு கிடையாது, தசையை அறுத்தாலே கையோடு வந்துவிடும். பின்னங்கால் இடுப்பில் பந்துக்கிண்ண மூட்டு. கத்தி முனை அதைக் கண்டுபிடித்துவிட்டால் பட்டென்று விடும். முதுகுக்கறி நீளமாக ஒரே துண்டு, கழுத்துக்கறி, அப்புறம் புரட்டிப்போட்டு மறுபக்கம். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கையை விட்டு உள்முதுகுக்கறியை எடுக்கவேண்டும். நான்கு கால்கள், முதுகுக்கறி, உள்முதுகுக்கறி இவற்றில் எதையும் விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம். ஒவ்வொன்றையும் துணிப்பையில் போட்டு, நிழலில் கிளையில் தொங்கவிட்டால் பனிக்காற்றில் மேலே மெல்லிய பொருக்கு கட்டும், அது இறைச்சிக்கு நல்லது.

மேல்தாடையில் இரண்டு பற்கள் யானைத்தந்தம் போலவே இருக்கும். மூதாதை விலங்குகளுக்கு இருந்த கோரைப்பல்லின் மிச்சம். நண்பர் ஒவ்வொரு முறையும் அதை எடுத்து, பனியில் தேய்த்துச் சுத்தம் செய்து, சுட்டவர் கையில் கொடுப்பார்.

எவ்வளவு இறைச்சி? எப்படித் தூக்கி வருகிறீர்கள்?

பெண் எல்க்கில் எலும்பு நீக்கிச் சுமார் 60 முதல் 70 கிலோ, பெரிய ஆணில் 90 கிலோ வரை. எலும்போடு ஒரு பின்னங்காலே 25 கிலோ வந்துவிடும். சட்டம் பாதுகாக்கிற வனப்பகுதிக்குள் வண்டி மட்டுமல்ல, சக்கரம் வைத்த தள்ளுவண்டிகூட அனுமதி இல்லை. முதுகு, இல்லையென்றால் வாடகைக் குதிரை.

நான் சுட்ட முதல் எல்க் ஒரு பெண். அஸ்தமனத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது, ஒரு ஓடைப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம், சரியான தூரம், சரியான நிலை. கண்ணுக்கு முன்னால் அது மட்டும்தான் இருந்தது. வரைபடத்தை நான் பார்க்கவே இல்லை. வண்டியிலிருந்து மூன்று மைல், நடுவில் இறங்கி ஏற 1,200 அடி. சுட்டு முடித்ததும் பனி கொட்ட ஆரம்பித்தது.

நண்பர் சத்தம் கேட்டு வேறு சரிவிலிருந்து வந்து சேர்ந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தலைவிளக்கு வெளிச்சத்தில் அறுத்து முடிக்க ஒன்பது மணி. விரல் மரத்துப்போனால் கறிக்கு நடுவே கையை வைத்துச் சூடுபடுத்திக்கொண்டோம். முதல் சுமையோடு வண்டியை அடைந்தபோது இரவு இரண்டு. பள்ளத்திலிருந்து ஏறும்போது இருபது அடிக்கு ஒரு முறை நின்றேன். பையின் வார் தோளை அறுத்தது. ஒரு இடத்தில் முழங்கால் மடங்கி, சுமையோடு பனியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தன் சுமையை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்து, என் பையைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்து எழுப்பினார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மீதியைத் தூக்கினோம். சீசனில் அவருக்கு மிச்சமிருந்ததே அந்த நாட்கள்தான். அவருடைய டேக் அந்த வருடம் பயன்படாமலே போயிற்று.

அன்றிலிருந்து, பார்க்கிற ஒவ்வொரு சரிவுக்கும் முதலில் வரைபடத்தை விரித்து, வண்டி வரை எத்தனை மைல், எத்தனை அடி ஏற்றம், எத்தனை நடை என்று பேசிக்கொள்கிறோம். மதியத்துக்குப் பிறகு என்றால் இன்னும் கிட்டத்தில். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் எவ்வளவு நல்ல விலங்கானாலும் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

ஏதோ மூளை நோய் இருக்கிறதாமே?

ஆம். சிடபிள்யூடி (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) என்கிற நோய், மான் வகைகளின் மூளையைத் தாக்கி மெலியவைத்துக் கொல்லும். 1967-இல் கொலராடோவில்தான் முதலில் கவனித்தார்கள். மனிதருக்குப் பரவியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் நோய் இருப்பது தெரிந்த விலங்கைச் சாப்பிடவேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையின் அறிவுரை. தலையை வனவிலங்குத் துறை அலுவலகத்தில் கொடுத்தால் பரிசோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கறியைத் தொடமாட்டோம்.

கரடி, ஓநாய்?

இருப்பது கருங்கரடி மட்டும்தான், நவம்பரில் பெரும்பாலானவை தூங்கப் போயிருக்கும். ஓநாய்களை 2023 டிசம்பரில் மாநிலம் மறுபடி கொண்டுவந்து விட்டது. நாங்கள் பார்த்ததில்லை. இறைச்சியை, அறுத்த மிச்சம் கிடக்கும் இடத்திலிருந்து நூறு கெஜம் தள்ளித் தொங்கவிடுங்கள், போதும்.

எதுவும் கிடைக்காமல் திரும்பினால்?

அதுதான் வழக்கம். ஐந்து பேர் போனால் நான்கு பேர் வெறுங்கையோடுதான் வருவார்கள். ஆறு வருடத்தில் நான் இரண்டு, நண்பர் மூன்று. இதிலேயே எங்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்கிறார் அவர்.

இவ்வளவு அழகான உயிரைக் கொல்ல எப்படி மனம் வருகிறது?

இதை என் அம்மா கேட்டார். அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். கறி சாப்பிடுகிற வீடு நம்முடையது. என் தட்டில் இருப்பது எப்படி வாழ்ந்தது, எப்படிச் செத்தது என்று எனக்கு முழுதாகத் தெரிவது இந்த ஒரு இறைச்சியில்தான். விழுந்ததன் பக்கத்தில் போய் உட்காரும்போது ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. அது அடைக்காத வருடம் வந்தால் விட்டுவிடுவேன்.

இன்னொன்றும் சொன்னேன். 1900-க்குப் பிந்தைய சில வருடங்களில், சந்தைக்காகச் சுட்டுச் சுட்டு, கொலராடோவில் எல்க் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. வேட்டையை நிறுத்தி, வயோமிங்கிலிருந்து ரயிலில் கொண்டுவந்து விட்டு, அளவு வைத்து, லைசென்ஸ் போட்டுத்தான் இன்றைய எண்ணிக்கைக்கு வந்தது. லைசென்ஸ் பணமும், 1937-இல் வந்த சட்டப்படி ரைஃபிள், தோட்டா விற்பனையில் வசூலாகிற 11 சதவீத வரியும் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகின்றன. இறைச்சியை விற்கக்கூடாது, கொடுக்கலாம். இந்தியாவில் 1972 சட்டம் வேட்டையைத் தடுத்ததற்கு அங்கே நல்ல காரணங்கள் இருக்கின்றன. நான் அதை மாற்றச் சொல்லவில்லை.

அம்மா முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த முறை கறி வந்தபோது மிளகு அரைத்துக் கொடுத்தார்.

எப்படிச் சமைப்பது?

கொழுப்பு மிகக் குறைவு. இருக்கிற கொழுப்பும் ஆறினால் மெழுகு மாதிரி வாயில் ஒட்டும், அதைச் சுத்தமாகச் சீவி எடுத்துவிடுங்கள். முதுகுக்கறியைக் குழம்பு வைத்து வீணாக்காதீர்கள். நல்ல சூட்டில் இரும்புச் சட்டியில் உப்பும் மிளகும் போட்டு இரண்டு பக்கமும் வாட்டி, உள்ளே சிவப்பு மாறாமல் எடுக்கவேண்டும். தொடைக்கறியைச் சின்னதாக நறுக்கி, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், இடித்த மிளகோடு சுக்காவாக வறுத்தால் ஆட்டுக்கறி தோற்கும். கால் எலும்பைப் பிரஷர் குக்கரில் வைக்காமல் மூன்று மணி நேரம் சிறுதீயில் விட்டுச் சாறு எடுங்கள். நண்பர் வீட்டில் குழந்தைகள் அதை ரசம் என்றே சொல்லப் பழகிவிட்டார்கள்.

அடுத்த வருடம் நானும் வரலாமா?

வாருங்கள். ஏப்ரலுக்கு முன்னால் பயிற்சிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும், கோடையில் ஐந்தாறு முறை சுடும் களத்துக்குப் போய்வாருங்கள். ஜூலையிலிருந்து, 20 கிலோ அரிசி மூட்டையை முதுகுப்பையில் வைத்து, அலுவலக மாடிப்படியை வாரம் மூன்று நாள் பத்துப் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். பூட்ஸை அப்போதே வாங்கி அதைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள், புதுப் பூட்ஸோடு மலைக்கு வரவேண்டாம். அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் வீட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்ப்போம்.